பிள்ளை வருமுன் பெற்றோர் தயாரா?

வீடு இருக்கிறது, வருமானம் இருக்கிறது, மனம் நிறைய ஆசையும் இருக்கிறது. ஆனாலும் தத்தெடுத்த பிள்ளையோடு வாழ்வது பலருக்குத் திணறலாக முடிகிறது. வளர்ப்புப் பெற்றோருக்கு முறையான பயிற்சி ஏன் தேவை? ஜொகூரிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.

தலையணை உறையை மாற்றப்போன அம்மாவின் கையில் காய்ந்த ரொட்டித் துண்டுகள் அகப்படுகின்றன. முந்தாநாள் பசியாறலுக்கு வைத்த ரொட்டி. மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே கைவிட்டால் இரண்டு பிஸ்கட்டும், பிளாஸ்டிக் பையில் முடிந்த ஒரு பிடி சோறும் வருகின்றன. சோற்றில் எறும்பு மொய்த்துக் கிடக்கிறது. பையனுக்கு ஏழு வயது. இந்த வீட்டுக்கு வந்து சில வாரம்தான் ஆகிறது.

"ஏம்ப்பா, உனக்கு நாங்க சோறு போடாமலா வெச்சிருக்கோம்?"

பதில் இல்லை. இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் ஒண்டுகிறான். யாரும் கை ஓங்கவில்லை. ஆனாலும் ஒண்டுகிறான்.

ஜொகூரின் மாசாயிலும் நடக்கலாம், குளுவாங்கிலும் நடக்கலாம். பட்டினியும் புறக்கணிப்பும் பார்த்த பிள்ளையை ஏற்ற எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது இது. வளர்ப்புப் பெற்றோருக்கான பயிற்சிகளில் உணவுப் பதுக்கலைப் பற்றிப் பேசாமல் விடுவதே இல்லை.

இதற்குமேல் அந்த வீட்டில் நடப்பது இரண்டு வழியாகப் பிரியும். விவரம் தெரியாத பெற்றோர் இதைத் திருட்டு என்று நினைப்பார்கள், நன்றி கெட்டதனம் என்று நொந்துகொள்வார்கள், அடுப்படி அலமாரியைப் பூட்டுவார்கள். பூட்டைப் பார்த்ததும் பிள்ளையின் பயம் உறுதியாகும்; இன்னும் மறைவான இடத்தில் பதுக்குவான். பயிற்சி பெற்றவர்களோ மூடியுள்ள ஒரு டப்பாவை அவன் படுக்கை அருகே வைப்பார்கள். "இது உன்னோடது. தினமும் இதுல சாப்பிட ஏதாச்சும் இருக்கும். யாரையும் கேட்க வேணாம்." முதலில் அடிக்கடி திறந்து பார்ப்பான். போகப்போக பார்ப்பது குறையும். ஒரு நாள் டப்பாவையே மறந்துவிடுவான்.

இரண்டு வீட்டிலும் பாசத்துக்குக் குறைவில்லை. வேறுபாடு அறிவில்தான். அந்த அறிவு தானாக வராது, சொல்லிக்கொடுத்தால் வரும்.

சட்டம் கேட்பதும் கேட்காததும்

மலேசியாவில் தத்தெடுப்புக்கு 1952-லேயே இரண்டு சட்டங்கள் வந்துவிட்டன. வயது, குடியிருப்பு, பெற்றவர்களின் சம்மதம், பிள்ளையைப் பராமரித்த காலம் எல்லாவற்றையும் அவை கேட்கின்றன. நீதிமன்ற வழியில் போனால் சமூகநல அதிகாரி வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை தருவார். எல்லாம் அவசியமானவைதான். ஆனால் அந்தப் பிள்ளையை வளர்க்கும் முறையை நீங்கள் கற்றுக்கொண்டீர்களா என்று இரண்டு சட்டங்களில் எதுவும் கேட்கவில்லை.

சாலையில் கார் ஓட்ட வகுப்பும் தேர்வும் வைத்திருக்கிறோம். முன்பின் தெரியாத, மனக்காயம் பட்ட ஒரு பிள்ளையை ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்க ஒரு நாள் வகுப்புகூடச் சட்டத்தில் நிபந்தனையாக இல்லை.

┌─────────────────────────
பெட்டிச் செய்தி: இரண்டு சட்டங்கள், இரண்டு வழிகள்

● 1952 தத்தெடுப்புச் சட்டம் (சட்டம் 257): முஸ்லிம் அல்லாதவர்களுக்கானது. நீதிமன்றத்தின் வழி நடக்கும். ஆணை கிடைக்குமுன் பிள்ளை குறைந்தது 3 மாதம் தொடர்ச்சியாக உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். ஆணை கிடைத்தபின் சொத்துரிமை உட்பட பெற்ற பிள்ளைக்குரிய உரிமைகள் உண்டு.

● 1952 தத்தெடுப்புப் பதிவுச் சட்டம் (சட்டம் 253): எல்லாச் சமயத்தாருக்கும் பொது. தேசியப் பதிவு இலாகாவில் பதிவாகும். 18 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளையைக் குறைந்தது 2 ஆண்டு தொடர்ந்து வளர்த்திருக்க வேண்டும். இந்தப் பதிவு தானாகவே சொத்துரிமை தராது.

● 2001 சிறார் சட்டம் (சட்டம் 611): பெற்றோர் இல்லாத அல்லது கைவிடப்பட்ட பிள்ளையை 2 ஆண்டு வரை வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்கச் சிறார் நீதிமன்றம் ஆணையிடலாம். அதற்குள் பெற்றவர்கள் உரிமை கோரி வராவிட்டால் தத்தெடுப்புக்கு வழி திறக்கும்.
└─────────────────────────

இல்லத்திலிருந்து வீட்டுக்கு

2024 செப்டம்பர் 11-ஆம் தேதியை நாடு எளிதில் மறக்காது. சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் 20 இல்லங்களில் ஒரே நாளில் போலீஸ் சோதனை நடத்தி 402 சிறார்களை மீட்டது. குளோபல் இக்வான் நிறுவனத்தோடு தொடர்புடையவை என்று சொல்லப்பட்ட இல்லங்கள் அவை. அந்தச் செய்திக்குப் பிறகு காப்பிக் கடையிலிருந்து நாடாளுமன்றம் வரை ஒரே கேள்விதான்: இந்தப் பிள்ளைகள் ஏன் குடும்பங்களில் வளரவில்லை?

கேள்வி புதிதில்லை. 1995-இல் மலேசியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறார் உரிமை ஒப்பந்தம் குடும்பச் சூழலே பிள்ளைக்கு இயல்பானது என்கிறது. 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டி, 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் குடும்பங்களில்தான் வளர்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. நம் சிறார் சட்டத்திலும் 2016 திருத்தத்தின்போது குடும்பம் சார்ந்த பராமரிப்புக்கு இடம் தரப்பட்டது.

ஜொகூரும் இந்தப் பாதையில் சில அடி எடுத்துவைத்திருக்கிறது. பெற்ற குழந்தையைக் குப்பைத்தொட்டியில் போடுவதைத் தடுக்க 2010-இல் பெட்டாலிங் ஜெயாவில் குழந்தை ஒப்படைப்புத் தொட்டிலைத் தொடங்கிய ஓர்பன்கேர் அறவாரியம், ஜொகூர் பாருவிலும் அப்படியொரு தொட்டிலை அமைத்தது. அங்கு வரும் குழந்தைகளைக் குடும்பங்களிடம் சேர்ப்பதே அதன் நோக்கம். ஜொகூர் பாருவில் இருக்கும் எஸ்.ஓ.எஸ். சிறார் கிராமமோ, ஒரு வளர்ப்புத் தாயின் பொறுப்பில் சில பிள்ளைகள் அண்ணன் தங்கையாக வாழும் வீடுகளைக் கொண்டது.

இல்லங்களிலிருந்து பிள்ளைகளை வீடுகளுக்கு அனுப்ப வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வீடுகளைத் தயார்செய்யாமல் அனுப்பினால், பிள்ளை ஒரு வாசலில் ஏறி இன்னொரு வாசலில் இறங்கும் நிலைதான் வரும்.

புக்காரெஸ்ட் கற்றுத்தந்த பாடம்

வளர்ப்புக் குடும்பம் எவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவரும் என்பதற்கு உலகின் மிக வலுவான ஆதாரம் ருமேனியாவிலிருந்து வந்தது. அந்நாட்டுச் சர்வாதிகாரி சவ்செஸ்குவின் ஆட்சி விட்டுச்சென்ற அனாதை இல்லங்களில் குழந்தைகள் தொட்டில்களிலேயே முடங்கிக் கிடந்தார்கள். சார்ல்ஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்ல்ஸ் ஸீனா ஆகிய மூவர் தலைமையிலான ஆய்வுக் குழு, தலைநகர் புக்காரெஸ்டின் இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தது. மற்றவர்கள் வழக்கமான பராமரிப்பில் தொடர்ந்தார்கள். குடும்பங்களில் வளர்ந்த குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும், பிறரோடு ஒட்டிப் பழகும் திறனும் தெளிவாக மேம்பட்டன. 2 வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்களிடம் முன்னேற்றம் கூடுதலாகத் தெரிந்தது.

இந்த ஆய்வைப் பேசும் பலரும் ஒன்றைக் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த வளர்ப்புப் பெற்றோர் ஆய்வுக்கென்றே தேடித் தேர்வானவர்கள். அவர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. சமூகப் பணியாளர்கள் அடிக்கடி வீடு தேடி வந்து துணை நின்றார்கள். பலன் தந்தது வெறும் குடும்பம் என்று சொல்லிவிட முடியாது. கைகொடுக்க ஆள் இருந்த குடும்பம் என்றே சொல்ல வேண்டும்.

வகுப்பில் என்ன நடக்கிறது?

பயிற்சி என்றதும் குளிர்சாதன அறை, புரொஜெக்டர், நீண்ட உரை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேரி டோசியர் உருவாக்கிய முறையைப் பார்ப்போம். வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், மொத்தம் 10 சந்திப்புகள். எல்லாம் அந்தக் குடும்பத்தின் வீட்டுக் கூடத்திலேயே நடக்கும். பயிற்றுநர் பாய் போட்டு உட்கார்ந்து, தாயும் குழந்தையும் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

குழந்தை தடுக்கி விழுகிறது. அழாமல், தாயைப் பார்க்காமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுகிறது. "என் பிள்ளை தைரியசாலி" என்று தாய் பெருமைப்படுகிறாள். பயிற்றுநர் அங்கேயே சொல்கிறார்: "அழுதா யாரும் வரமாட்டாங்கன்னு இதுவரைக்கும் கத்துக்கிட்ட குழந்தை இது. அது கூப்பிடாட்டியும் நீங்க போய்த் தூக்குங்க." தாய் தூக்குகிறாள். குழந்தை முதலில் விறைக்கிறது. பிறகு மெல்ல அவள் தோளில் சாய்கிறது. "இப்ப செஞ்சீங்களே, அதேதான்" என்கிறார் பயிற்றுநர். வகுப்பின் பெரும்பகுதி இப்படிச் சின்னச் சின்ன தருணங்களில்தான் கழியும்.

நல்ல பயிற்சித் திட்டங்கள் எல்லாவற்றிலும் சில பாடங்கள் பொதுவாக இருக்கும். பிரிவு பிள்ளையின் மனத்தை என்ன செய்யும்? பொய், படுக்கையில் சிறுநீர், முன்பின் தெரியாதவர் மடியிலும் போய் உட்காருவது போன்றவற்றின் பின்னால் என்ன இருக்கிறது? பெற்ற தாயைப் பற்றிப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? ஏற்கெனவே வீட்டில் இருக்கும் சொந்தப் பிள்ளைகளை எப்படித் தயார்செய்வது? வளர்ப்பவர் தளர்ந்துபோனால் யாரிடம் போவது?

பிரம்பைப் பற்றிப் பேச வேண்டும்

'அடியாத மாடு படியாது' என்பது நம் வீடுகளில் இன்றும் புழங்கும் பழமொழி. பல வீடுகளில் பிரம்புக்கு நிரந்தர இடம் உண்டு. கண்டிப்பு இல்லாத பிள்ளை கெட்டுப்போகும் என்று மனதார நம்பும் பெற்றோர் நம்மிடையே ஏராளம்.

அடியும் உதையும் வாங்கி, அதனாலேயே பெற்ற வீட்டிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு அந்தப் பிரம்பு என்னவாகத் தெரியும்? புது அப்பா கோபத்தில் குரல் உயர்த்தினாலே அந்தப் பிள்ளையின் உடல் பழைய வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. இதயம் படபடக்கும், காது அடைக்கும், சொல்வது எதுவும் ஏறாது. அந்த நிலையில் அடிப்பவர் பாடம் எதையும் கற்பிக்கவில்லை. இந்த வீடும் பழைய வீடு மாதிரிதான் என்பதை மட்டும் பிள்ளைக்கு நிரூபிக்கிறார்.

அப்படியானால் கண்டிப்பே கூடாதா? கண்டிப்பு வேண்டும். என்ன செய்தால் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டிச் சொல்வது, சொன்னதை மாற்றாமல் செய்வது, கோபம் தணிந்தபின் பேசுவது, தண்டித்த பிறகும் பிள்ளையை விட்டு விலகாமல் பக்கத்திலேயே இருப்பது. இவை அடியைவிடக் கடினமானவை. அதனால்தான் இவற்றைப் பழகிப் பார்க்க வகுப்பு வேண்டும்.

ஏழு வயதிலும் பன்னிரண்டிலும் வரும் கேள்வி

தமிழ்க் குடும்பங்களில் தத்துப்பிள்ளையிடம் உண்மையை மறைப்பது பாசத்தின் பெயரால் நடக்கிறது. "தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும், பெரியவனானதும் சொல்லிக்கலாம்." ஆனால் இந்த நாட்டில் அந்த ரகசியம் நிலைக்காது. ஏழு வயதில் ஒன்றாம் ஆண்டுப் பதிவுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். 12 வயதில் அடையாள அட்டை எடுக்க அதே காகிதம் மறுபடி வெளியே வரும். அதுவும் தப்பினால் கல்யாண வீட்டில் ஏதோவொரு அத்தை வாய்தவறிச் சொல்லிவிடுவார். அப்படித் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கு வலிப்பது தத்தெடுக்கப்பட்ட விஷயத்தைவிட, எல்லாரும் சேர்ந்து தன்னை இத்தனை வருடம் ஏமாற்றினார்கள் என்பதுதான்.

நம் முன்னோர்களிடமே இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. போருக்கு முன்னும் பின்னும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அந்தப் பெண்கள் தமிழ் பேசி, பொங்கல் வைத்து, மாரியம்மன் கோயில் திருவிழாவில் பால்குடம் எடுத்து வளர்ந்தார்கள். முகமே உண்மையைச் சொல்லிவிடும் என்பதால் பல வீடுகளில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாமல் போனது. தத்து எடுத்த பிள்ளை என்பது ஊரறிந்த, பிள்ளையும் அறிந்த சங்கதியாகவே இருந்தது.

பயிற்சியில் சொல்லித்தருவதும் அதுதான். பேச்சு புரியாத வயதிலேயே தொடங்குங்கள். கதையாகச் சொல்லுங்கள். படங்கள் ஒட்டிய ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள்: பிறந்த மருத்துவமனை, முதன்முதலில் வீட்டுக்கு வந்த நாள், அன்று போட்டிருந்த சட்டை. பிள்ளை வளர வளர அந்தப் புத்தகமும் வளரட்டும்.

குடியுரிமையும் இதோடு பின்னிக் கிடக்கிறது. பெற்றோர் யாரென்று தெரியாத பிள்ளைக்குத் தத்தெடுப்பு ஆணை கிடைத்தாலும் குடியுரிமை தானாக வந்துவிடுவதில்லை. கண்டெடுக்கப்பட்ட ஒரு பிள்ளையின் வழக்கில் 2021 நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் தந்த தீர்ப்பு, பெற்றோர் யாரென்று அறியாத குழந்தைகளுக்கு அரசமைப்பில் உள்ள பாதுகாப்பை உறுதிசெய்தது. ஆனாலும் காகிதங்கள் கைக்கு வரும்வரை அலைவது குடும்பங்கள்தான். ஜொகூரில் இதன் வலி தனி. பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் சித்தப்பா வீட்டுக்கு அண்ணனும் அக்காவும் போவார்கள். கடப்பிதழ் இல்லாத தம்பி ஜொகூர்-சிங்கப்பூர் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிற்பான். அவனிடம் என்ன சொல்வது என்பதையும் பெற்றோர் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

விடியுமுன் பாலம் கடக்கும் வீடுகள்

ஜொகூர் பாரு, ஸ்கூடாய், மாசாய் வட்டாரத்தில் அதிகாலை நான்கு ஐந்து மணிக்கே மோட்டார் சைக்கிள்கள் பாலத்தை நோக்கிப் புறப்படுகின்றன. சிங்கப்பூரில் வேலை. வீடு திரும்ப இரவாகிவிடும். பிள்ளையைப் பாட்டி பார்த்துக்கொள்வார், அல்லது பெரியம்மா, அல்லது பக்கத்து வீட்டு ஆன்ட்டி.

இந்த மாநிலத்தில் வளர்ப்புப் பெற்றோர் என்று சொன்னால் தத்தெடுத்தவர்களை மட்டும் எண்ணக் கூடாது. மகள் குடும்பம் பிரிந்ததால் பேரனை வளர்க்கும் பாட்டி, தம்பி சிறைக்குப் போனதால் அவன் பிள்ளைகளை அழைத்துவந்த அக்கா ஆகியோரும் வளர்ப்புப் பெற்றோர்தான். அவர்களுக்கு வகுப்பும் இல்லை, காகிதமும் இல்லை. சிறார் சட்டப்படி, பிறர் பிள்ளையைப் பராமரிப்பில் எடுப்பவர் ஒரு வாரத்துக்குள் சமூகநல இலாகாவின் பாதுகாவல் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட வேண்டிய நேரத்தில்தான் சிக்கல் புரிகிறது.

நாள் முழுக்கப் பிள்ளையோடு இருப்பவர் யாரோ அவருக்குப் பயிற்சி போய்ச்சேர வேண்டும். நீதிமன்ற ஆணையில் பெயர் இருக்கும் அப்பா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்க, பிள்ளையின் கோபத்தையும் கண்ணீரையும் சமாளிப்பது பாட்டி. அவருக்குப் புரியும் மொழியில், அவருக்குத் தோதான நேரத்தில் சொல்லித்தராத பயிற்சியால் பயனில்லை.

உறவு முறிந்தால் என்ன ஆகிறது?

எந்த வளர்ப்புப் பெற்றோரும் திருப்பித்தரும் எண்ணத்தோடு பிள்ளையை அழைத்துவருவதில்லை. களைப்பு சேர்கிறது. பள்ளியிலிருந்து புகார் வருகிறது. "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா இப்படித்தான்" என்று உறவினர் பேசுகிறார்கள். உதவி கேட்க வெட்கம். கேட்டாலும் எங்கே கேட்பது என்று தெரியவில்லை. ஒரு நாள் பையைக் கட்டி, பிள்ளையை வந்த இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறார்கள்.

பிள்ளை இதற்குக் கண்டுபிடிக்கும் காரணம் ஒன்றே ஒன்று: நான் சரியில்லை. அடுத்த வீட்டில் அவன் பாசம் வைக்க மாட்டான். வைத்தால் மறுபடி இழக்க வேண்டிவரும் என்று பயப்படுவான். துரத்துமுன் தானே வெளியேற வழி தேடுவான். பொருளை உடைப்பான், வாய்க்கு வந்ததைப் பேசுவான். புதுப் பெற்றோர் திகைத்துப்போவார்கள். அவர்களுக்கும் யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு முறிவும் அடுத்த முறிவுக்கு வழிசெய்கிறது.

முதல் ஓராண்டில் மாதம் ஒருமுறை யாராவது வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசினால், இந்தச் சங்கிலியில் பல கண்ணிகளை அறுத்துவிடலாம்.

அக்கம்பக்கத்தில் என்ன செய்கிறார்கள்?

நமக்கு மிக அருகில் சிங்கப்பூர் இருக்கிறது. அங்கே 2022-இல் இயற்றிய புதிய தத்தெடுப்புச் சட்டம், தத்தெடுக்க விரும்புவோர் முன்தயாரிப்பு விளக்க வகுப்பில் கலந்துகொள்வதைக் கட்டாயமாக்கியது. உண்மையைப் பிள்ளையிடம் சொல்வது எப்படி என்பதற்கே தனி வகுப்பு வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் தத்தெடுப்புக்குப் பிறகு 2 ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வீட்டுக்குச் சென்று அறிக்கை தர வேண்டும்.

ஜொகூரில் 10 மாவட்டங்கள் இருக்கின்றன. மாவட்ட சமூகநல அலுவலகங்கள் இருக்கின்றன. சுமார் 70 தமிழ்ப்பள்ளிகளும், ஊருக்கு ஊர் கோயில் மண்டபங்களும் இருக்கின்றன. இடத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ் பேசும் ஆலோசகர்களையும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் பயிற்றுநர்களாகத் தயார்செய்தால், மாவட்டத்துக்கு ஒரு தமிழ் வகுப்பைத் தொடங்கிவிடலாம். பிள்ளையின் மொழி, சமயம், பண்பாடு தொடர வேண்டும் என்று சிறார் உரிமை ஒப்பந்தத்தின் 20-ஆம் பிரிவே சொல்கிறது. தமிழ்ப் பிள்ளைகளை ஏற்கத் தயாரான தமிழ்க் குடும்பங்கள் போதிய அளவில் இருந்தால்தான் அந்த வரிக்கு உயிர் வரும்.

┌─────────────────────────
பெட்டிச் செய்தி: விண்ணப்பிக்குமுன் வீட்டில் பேசிக்கொள்ள

● பிள்ளை முதல் ஆறு மாதம் நம்மிடம் ஒட்டாமல் போனால் நம் மனம் தாங்குமா?

● நாள் முழுக்கப் பிள்ளையோடு இருக்கப்போவது யார்? அவரையும் வகுப்புக்கு அழைத்துப் போகிறோமா?

● அடிக்காமல் வளர்ப்பதற்குத் தாத்தா பாட்டி உட்பட வீட்டில் எல்லாரும் சம்மதமா?

● தத்தெடுத்த உண்மையை யார், எப்போது, எப்படிச் சொல்வோம்?

● நிறம், சாதி, பெற்றவர் யார் என்று உறவினர் பேசினால் பிள்ளைக்காக எழுந்து நிற்கப்போவது யார்?

● நம்மால் முடியாத நாளில் யாரைக் கூப்பிடுவோம்? (தாலியான் காசே உதவி எண்: 15999)
└─────────────────────────

கட்டாயம் ஆக்குங்கள்

கேட்பது பெரிய தொகையோ புதுக் கட்டடமோ இல்லை. மூன்றே மூன்று. பிள்ளையை ஒப்படைக்குமுன் பயிற்சி கட்டாயம் ஆக வேண்டும். ஒப்படைத்தபின் குறைந்தது 2 ஆண்டு வீடு தேடி வரும் துணை வேண்டும். தத்தெடுத்தவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் பேரனை வளர்க்கும் பாட்டிக்கும் கிடைக்க வேண்டும். தற்காலிக ஆணை வழங்கிச் சோதனைக் காலம் வைக்க 1952 தத்தெடுப்புச் சட்டமே நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அந்தக் காலத்தைப் பயிற்சிக் காலமாக்குவதில் தடை ஒன்றும் இல்லை.

பயிற்சியைக் கட்டாயமாக்கினால் தத்தெடுக்க வருபவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஒரு சில நாள் வகுப்புக்கே நேரம் ஒதுக்க முடியாதவர், வருடக்கணக்கில் ஒரு பிள்ளையின் கோபத்தையும் மௌனத்தையும் பொறுத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்க முடியுமா? வகுப்பின் நடுவே "இது எங்களால் ஆகாது" என்று ஒரு தம்பதி நேர்மையாக விலகினால், அதுவும் ஒரு பிள்ளையை முறிவிலிருந்து காப்பாற்றியதாகவே ஆகும். தொடர்ந்து வருபவர்களோ, கண்ணைத் திறந்துகொண்டு வருவார்கள். நம் பிள்ளைகளுக்குத் தேவை அவர்கள்தான்.